இடது தொடையில் தேனி–குமுளி ரோடு

ஜூன் 3, திங்கள்

முதல் பக்கத்தில் விவரம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நோயாளி: சோலைராசு, வயது அறுபத்து நாலு, தேனி–குமுளி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு. நோய்: மறதி, சர்க்கரை. எழுதுபவர்: தனபாக்கியம், மனைவி, வீட்டிலேயே தையல்.

காலையில் இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு முழுங்கிவிட்டதாக நடித்தார். வயிறு சரி. தூக்கம் இல்லை, அவருக்கும் எனக்கும்.

தினமும் இப்படி எழுதி வைத்தால்தான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் மறக்க, நான் ஞாபகம் வைத்துக்கொள்ள என்று முப்பத்தாறு வருஷமாக இந்த வீடு அப்படித்தான் ஓடுகிறது. டாக்டருக்குத்தான் இது புதுசு.

என் பெயர் அவருக்குத் தெரியாது. சாப்பிட்டதும் தெரியாது. காக்கி பேண்ட் ஒன்றுதான் தெரியும். வேட்டியைக் கட்டிவிட்டால் அவிழ்த்து எறிகிறார். மிச்சமிருக்கிற நாலு காக்கி பேண்டுகளையும் நான்தான் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் இடது தொடையில் நகத்தை வைத்து நூல் நூலாக உருவுகிறார். துணி ஓட்டையானதும் நிறுத்துவதில்லை, தோலை உரிக்கிறார். உள்ளங்கை அகலத்துக்குப் புண். சர்க்கரை உடம்பு, புண் ஆழமானால் காலுக்கே மோசம், ஒன்று அந்தக் கைக்கு வேலை கொடுங்கள் இல்லையென்றால் கட்டி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகன் மதிவாணன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். அங்கே ஒரு ஹோம் பார்த்து வைத்திருக்கிறானாம். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறான். அதற்குள் புண் ஆறாவிட்டால் அப்பாவைக் கூட்டிப் போய்விடுவான். அங்கே கையை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"மெத்துனு துணி வச்சுத்தாம்மா கட்டுவாங்க. வலிக்காது," என்றான்.

வலிக்காதாம். இவன் கையைக் கட்டிப் பார்த்திருக்கிறானா?

ஜூன் 5, புதன்

காலை தோசை ஒன்றரை. மதியம் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினார்.

கைக்கு வேலை கொடுப்பதற்காகப் பேண்ட் தொடையில் சட்டைப் பித்தான் ஆறு தைத்து, காஜா போட்ட பட்டி ஒன்றும் வைத்தேன். மாட்டிக் கழற்றி விளையாடட்டும் என்று நினைப்பு. ஒரு பித்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். விரலை விட்டு எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஐந்தையும் அறுத்து எறிந்தேன். ஜிப் வைத்தேன். அதன் பல்லில் தோல் மாட்டிக்கொண்டு கத்தினார். அதையும் பிரித்தேன்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறார்கள். கசக்கலாம், கட்டலாம். அதை உட்கார்ந்து உருவிக்கொண்டே இருக்கும் மனுஷனை என்ன செய்வது என்று எவரும் சொல்லி வைக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஒரு அதிசயம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஓட்டைக்குக் காக்கி ஒட்டு வைத்து, சுற்றிலும் கறுப்பு நூலில் ஜிக்ஜாக் ஓட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அவர் திடீரென்று கூச்சல் போட்டதில் கை பதறி, தையல் ஒட்டை விட்டு வெளியே வந்து முழங்கால் வரைக்கும் கோணல்மாணலாக ஓடிவிட்டது. பிரிக்கப் பொறுமையில்லை. அப்படியே மாட்டிவிட்டேன்.

உட்கார்ந்ததும் விரல் அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. மேலிருந்து கீழே. மறுபடி மேலே. உருவவில்லை. தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவில் நிறுத்தி, வாயால் விசில் கொடுத்தார். நான் சோறு வடித்து, ரசம் தாளித்து, ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டி முடிக்கும் வரைக்கும் அந்தக் கோட்டிலேயே இருந்தார்.

ரோடு. இவருக்கு ரோடுதான் வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு ஏன் இத்தனை நாளும் தோன்றவில்லை?

ஜூன் 8, சனி

வந்திருந்த பிளவுஸ்களை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினேன். பேண்ட் காலைக் குழாயாக வைத்துக்கொண்டு மேலே எதையும் தைக்க முடியாது. வெளிப்பக்கத் தையலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிரித்து, துணியை விரித்து, மிஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, எம்பிராய்டரி வளையம் போட்டுக் கையால் நகர்த்தித்தான் தைக்க வேண்டும். காக்கியோ முரட்டுத் துணி. இரண்டு ஊசி போய்விட்டது.

கறுப்பு நூலில் நெருக்கமாக ரோடு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு துண்டுத் துணி ஒட்டு. வீரபாண்டிக்கு மஞ்சள், கோயில் ஊர் என்பதால். சின்னமனூருக்கு வாழைப் பச்சை. உத்தமபாளையத்துக்குக் கட்டம் போட்டது. கம்பத்துக்குத் திராட்சை நிறம். கூடலூருக்குச் சணல் துணி. லோயர்கேம்ப்புக்குச் சாம்பல். குமுளிக்குப் பழைய ஸ்வெட்டர் துண்டு, தொட்டால் குளிர் ஊர் என்று தெரியட்டும். ஊர்ப் பெயர்களை வெள்ளை நூலில் எழுதினேன். என் கையெழுத்தைவிட என் தையல் எழுத்து அழகு. அதைச் சொல்ல ஆளில்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல. குமுளி மலைமேல் இருக்கிறது, மேலேதானே வரவேண்டும் என்று இடுப்புப் பக்கம் குமுளியையும் முழங்கால் பக்கம் தேனியையும் வைத்துவிட்டேன். பிளவுஸில் பூ தைத்துத் தைத்து, எதிரே நின்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்றே பழகிய கண். போட்டிருக்கிற ஆளின் கண் எனக்கு மறந்துவிட்டது. அவர் கை பாக்கெட்டில் இருந்து இறங்கியதும் ஸ்வெட்டர் துணி தட்டுப்பட்டது. முகம் சுருங்கிவிட்டது.

"இப்பத்தான வண்டிய எடுத்தோம். அதுக்குள்ள குமுளியா?" என்றார். அப்புறம் ஒரே அழுகை.

எல்லாவற்றையும் பிரித்து, தலைகீழாகத் திருப்பித் தைத்தேன். பாக்கெட் வாயில் தேனி. முழங்காலில் குமுளி.

ஜூன் 10, திங்கள்

இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். வயிறு சரி. புண்ணில் ஈரம் இல்லை.

காலையில் உட்கார்ந்தவர் வண்டியை எடுத்துவிட்டார். மஞ்சளைத் தொட்டு "வீரபாண்டி எறங்கு" என்றார். பச்சையைத் தொட்டு "சின்னமனூரு, பொம்பளையாளுக முன்னாடி வாங்க" என்றார். கம்பத்தில் டீ குடிக்க வண்டி நின்றது, நானும் டீ கொடுத்தேன். என் பெயர் தெரியாத வாயில் எட்டு ஊர்ப் பெயரும் பிசகாமல் வருகிறது. வயிற்றெரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மதிக்குப் போன் போட்டு, நீ காரைக் கொண்டுவர வேண்டாம், பஸ்ஸில் வா போதும் என்றேன். பார்க்கலாம்மா என்றான்.

வீரபாண்டிக்கும் சின்னமனூருக்கும் நடுவே மட்டும் விரல் நிற்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் ரோடு. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

அதே இடத்தில் நகத்தைப் போட்டிருக்கிறார். மற்ற ஊர்களில் ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. அந்த ஒரு இடத்தில் ரோட்டையே பிய்த்துவிட்டார். உள்ளே தோல் சிவந்திருக்கிறது. பழைய புண்ணுக்கு நாலு விரல் மேலே.

காக்கியிலேயே ஒட்டு வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி ஓட்டினேன்.

ஜூன் 13, வியாழன்

ஒட்டு போயிற்று. ஜீன்ஸ் துணி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று. பழைய பையிலிருந்து ரெக்சின் வெட்டி வைத்துத் தைத்தேன், இதைப் பிய்க்கிறாரா பார்க்கலாம் என்று. பிய்க்க முடியவில்லை. நகம் பிளந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. ரெக்சின் ஓரத்தைச் சுற்றி உள்ளே விரலை விட்டுத் தோலை எடுத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி மஞ்சள் பத்துப் போட வந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் இவர் பஸ்ஸின் டிரைவர், இறந்து நாலு வருஷம். பேண்டைக் கையில் எடுத்து ஊர் ஊராகத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தேன் தச்சிருக்கீங்கக்கா. நடுவுல ஒரு ஸ்டாப்பு விட்டுப்போச்சே," என்றாள்.

எல்லா ஸ்டாப்பையும் தைக்க இதென்ன கல்யாண ஜமக்காளமா என்று கேட்டேன். அவள் பத்துக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே முன்பு ஒரு நூல் மில் இருந்தது. மில் கேட் என்று நிறுத்துவார்கள். மில்லை மூடி வருஷக்கணக்காகிறது. இல்லாத ஊருக்கு எதற்கு ஒட்டு?

ஜூன் 15, சனி

இன்று கட்டினேன்.

புண்ணில் சீழ். கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் என்றார். அவர் போனதும் லைனிங் துணியில் பட்டி கிழித்து, இரண்டு கைகளையும் நாற்காலியின் கையோடு கட்டினேன். மெத்தென்றுதான் கட்டினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கட்டின கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் டிக்கெட்டெல்லாம் சரியாத்தான குடுத்தேன்," என்றார்.

அவிழ்த்துவிட்டேன். அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்தபோது விரல் மறுபடியும் அங்கேயே இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். முழுகுகிறவளுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு சாணும் எப்படி இருக்கும் என்று.

ஜூன் 16, ஞாயிறு

ஜெயக்கொடி மறுபடி வந்தாள். நான் கேட்காமலே பேசினாள்.

"அந்த மில்லு சுலோச்சனா செத்தே மூணு வருசமாச்சுக்கா. செத்தவ மேல என்னக்கா கோவம்?"

யார் சுலோச்சனா என்று கேட்டேன். ஜெயக்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

மனசுக்கு நிஜ ரோடே கிடைத்துவிட்டால் நகம் நிற்காதா என்று ஒரு நப்பாசை. குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, தலை சீவி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய்க் குமுளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். சாரல் அடித்தது. பழனிசெட்டிபட்டி தாண்டும் வரை சின்னப் பிள்ளை மாதிரி வந்தார். வீரபாண்டியில் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. உப்புக்கோட்டைக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் எழுந்துவிட்டார்.

"நிப்பாட்டு. ஆளு நிக்குது," என்றார்.

யாரும் இல்லை. துருப்பிடித்த கேட், மேலே காட்டாமணக்கு. வண்டி நிற்காமல் போயிற்று. இவர் படிக்குப் பாய்ந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். கல்யாணமானதிலிருந்து என்னை அடித்ததில்லை. பஸ் மொத்தமும் பார்த்தது. கண்டக்டர் பையன் ஓடிவந்து இவரைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அது மழையில நிக்கிதுய்யா. நனையுதுய்யா," என்று அந்தப் பையனிடம் கெஞ்சினார்.

சின்னமனூரில் இறங்கி எதிர் பஸ் பிடித்தோம். திரும்பி வரும்போது மில் கேட் வந்தது. நான் என் முந்தானையால் அவர் முகத்தை மூடினேன்.

ஜூன் 19, புதன்

சாப்பாடு இல்லை. என்னிடமும் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். நான் பாடத் தெரியாதவள் என்று இருந்துவிட்டால் அவர் காலை வெட்டுவார்கள், இல்லையென்றால் கையைக் கட்டுவார்கள். இரண்டையும்விட அந்த ஸ்டாப்பைத் தைப்பது பெரிதா? பெரிதுதான். பெரிதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பேண்டின் வெளித் தையலை மறுபடி பிரித்தேன். ரெக்சினை அறுத்து எடுத்தேன். எந்தத் துணி வைப்பது? அவள் என்ன கட்டுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும். கருநீலத்தில் ஒன்று வைத்துக் கொடுத்தேன், விரல் தாண்டிப் போய்விட்டது. பூப்போட்டது, தாண்டிப் போயிற்று. வெட்டுத் துணி மூட்டையை அவிழ்த்து அவர் மடியிலேயே கொட்டினேன். பிளவுஸ் துண்டுகளும் ஓரங்களும் லைனிங்குமாக இந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த மூட்டையில் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கீழே போட்டுக்கொண்டே வந்தவர், வெளிர் ரோஸ் நிற வாயில்-புடவைத் துணித் துண்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ரோஸ் பிடிக்காது. நான் கட்டியதே இல்லை.

வாங்கித் தைத்தேன். வாயில் துணி மெல்லிசு, முரட்டுக் காக்கிமேல் சுருங்கி இழுக்கும் என்று அடியில் ஒரு மல் துணி கொடுத்தேன். நாலு பக்கமும் ஓரம் மடித்து, அவர் நகம் படும் இடமாயிற்றே என்று தையலை உள்வாங்கி ஓட்டினேன். மற்ற ஊர்களுக்கு அத்தனை மெனக்கெடவில்லை. வெள்ளை நூலில் "மில் கேட்" என்று எழுதும்போது "கே" கொஞ்சம் கோணலாகிவிட்டது. பிரித்துத் திரும்ப எழுதினேன். எதையும் கோணலாகத் தைத்துக் கொடுத்துப் பழக்கமில்லை.

ஜூன் 21, வெள்ளி

உருவவில்லை. ஒரு நூல்கூட உருவவில்லை.

ஜூன் 22, சனி

சீழ் நின்றிருக்கிறது. ஓரம் காய்ந்து வருகிறது. மூன்று வேளையும் சாப்பிட்டார். கம்பவுண்டர் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். ரோஸ் மருந்து என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டாவது பேண்டிலும் அதே ரோட்டைத் தைத்து முடித்தேன். துவைக்கப் போட்டால் மாற்றுக்கு வேண்டுமே.

ஜூன் 23, ஞாயிறு

மதி காரோடுதான் வந்தான். பின் சீட்டில் தலையணை, ரப்பர் ஷீட் எல்லாம் போட்டுத் தயாராக வந்திருந்தான். அப்பாவின் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தான். கிட்டத்தில் குனிந்து, அழுத்தி, மறுபடி பார்த்தான். காய்ந்த புண்ணை இவன் மட்டும் எப்படி ஈரமாக்க முடியும்?

அப்புறம் பேண்டைப் பார்த்தான். அப்பாவின் விரலுக்குப் பின்னாலேயே இவன் விரலும் போயிற்று. தேனி என்றான். வீரபாண்டி என்றான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பாவோடு பஸ்ஸில் சுற்றிய பிள்ளை இவன். ரோஸ் துண்டில் விரல் நின்றது. இவர் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மதி என்னைப் பார்க்கவில்லை.

"இதையும் நீயேவாம்மா தச்ச?"

"வேற யாரு தைப்பா?" என்றேன்.

"உனக்குத் தெரியாதுண்டு நெனச்சிருந்தேன்," என்றான்.

உனக்குத் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சாப்பிட வா, குழம்பு ஆறுகிறது என்றேன். பெற்ற பிள்ளையும் நானும் இத்தனை வருஷமாக ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக் காபந்து செய்திருக்கிறோம். அவரைத்தான் மறதிக்காரர் என்கிறார்கள்.

சாயங்காலம் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனான். தலையணையை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போனான்.

ஜூன் 25, செவ்வாய்

காலை மூன்று இட்லி. மாத்திரை முழுங்கினார். வயிறு சரி. தூங்கினார். புண் நன்றாக ஆறுகிறது. டாக்டருக்கு இது போதும். மீதியை அவரிடம் காட்டப்போவதில்லை.

மத்தியானம் அவர் நாற்காலியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் தாண்டி ரோஸுக்கு வந்ததும் முகம் மாறியது. அந்தச் சிரிப்பை எனக்கு அவர் சிரித்ததே இல்லை. நல்லவர்தான், குடிக்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு அவரிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நான் இல்லாத இடத்துக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பொறாமையாக இருந்தது. செத்துப்போனவள் மேலே, ஒரு துண்டுத் துணி மேலே.

ஊசியை ஜாக்கெட்டிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கன ஏறுன?" என்று கேட்டார்.

தேனியில் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை.

"மில் கேட்டுல," என்றேன்.

அந்தச் சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்பியது. அத்தனை கிட்டத்தில் தாங்க முடியவில்லை, இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரலில் ஊசி குத்திக் காய்ப்பேறின இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொடுத்தார்.

"நூலு அறுத்துருச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ரொம்ப நேரம் நின்னியா?"

ரொம்ப நேரம் என்றேன். அவர் என் கையை விடாமல், இன்னொரு கையால் ரோட்டைத் தடவிக்கொண்டு மெதுவாக வண்டியை ஓட்டினார். ரோஸுக்கும் பச்சைக்கும் நடுவே ரோட்டை நான் நீளமாகத் தைக்காமல் போய்விட்டேன். கறுப்பு நூல் தீர்ந்து பச்சைத் துணி வந்தது. சட்டென்று என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"சின்னமனூரு வந்துருச்சு. தெரிஞ்ச ஆளுக ஏறுவாக. நீ தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன்.